நெல் வயலில் தரை வண்டு

நெற்பயிரைத் தாக்கும் புழுக்களுள் இலைச்சுருட்டுப் புழுவின் வாழ்முறை தனித்தன்மை வாய்ந்தது. இலையின் இரு ஓரங்களையும் பட்டிழையால் பிணைத்துக் குழல் போன்ற அறையொன்றை அமைத்துக்கொண்டு, அதனுள்ளிருந்தே பச்சையத்தைச் சுரண்டி உண்கிறது. சுரண்டப்பட்ட இலைகள் வெண்கோடுகளுடன் வெளுத்துத் தோன்றும். ஒரு காலத்தில் சில்லறைப் பூச்சியாக எண்ணப்பட்ட இது, குட்டை இரகங்களும் மிகுதியான தழைச்சத்து உரமும் பரவிய பின்னரே நாட்டின் பல மாநிலங்களில் பெருந்தொல்லையாயிற்று. குழலுக்குள் மறைந்திருக்கும் புழுவைத் தெளிப்பு மருந்து எளிதில் எட்டுவதில்லை. எனினும், அக்குழலுக்குள்ளேயே புகுந்து வேட்டையாடும் உயிர் ஒன்று அதே வயலில் வாழ்கிறது.

அது 'ஒஃபியோனியா' என்னும் பேரினத்தைச் சேர்ந்த தரை வண்டு. பழைய நூல்களில் 'காஸ்னாய்டியா' என்ற பெயராலும் குறிக்கப்பட்டுள்ளது. தரை வண்டுக் குடும்பத்தில் உலகெங்கும் 40,000-க்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுள் பல, பெயருக்கேற்ப மண்ணிலும் சருகிலும் திரிபவை. நெல் வயலின் இவ்வண்டோ தூர்களில் ஏறி இலைதோறும் தேடுகிறது. செங்கபில நிற உடலில் கருநீலப் பட்டைகளும், கருந்தலையும், குறுகிய கழுத்தும் கொண்ட இதனை முதற்பார்வையில் பெரிய எறும்பு என்றே பலரும் எண்ணிவிடுவர். மெலிந்த இவ்வுடலமைப்பே அதன் வலிமை. மற்ற எதிரிகள் பலவற்றுக்கு அரணாகத் தோன்றும் இலைக்குழல், இதற்குத் திறந்த வாயில். 

வளர்ந்த வண்டைப் போலவே, பளபளக்கும் கரிய நிறமுள்ள அதன் இளம்புழுவும் வேட்டையாடும். நாளொன்றுக்கு மூன்று முதல் ஐந்து இலைச்சுருட்டுப் புழுக்கள் வரை ஒரு வண்டு உண்ணும் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. இந்த எண்ணை வண்டுகளின் தொகையால் பெருக்கி, வயலில் புழுவே எஞ்சாது என்று முடிவு கட்டுவது பொருந்தாது. இரை அருகிய நாளில் வேட்டையும் குறையும். அந்நாட்களில் வண்டு தத்துப்பூச்சிகளையும் உண்டு உயிர் வாழ்கிறது. ஆகவே புழு பெருகும்வரை காத்திராமல், பருவத்தின் தொடக்கத்திலேயே வயலில் தங்கியிருக்க அதனால் முடிகிறது.

மருந்தால் நேரும் கேடு

நடவு செய்த முதல் 40 நாட்களில் இலையில் நேரும் சிறு சேதத்தைப் பயிர் புதுத் தூர்களாலும் இலைகளாலும் ஈடுசெய்துகொள்கிறது. ஆனால் வெளுத்த இலை கண்ணுக்குத் தெரிவதால், தெளிப்பும் அப்பொழுதே தொடங்கிவிடுகிறது. பல பூச்சிகளைக் கொல்லும் மருந்து வண்டையும் சிலந்தியையும் ஒருசேர அழிக்கிறது. குழலுக்குள் தப்பிய புழு, எதிரியின்றி அடுத்த தலைமுறையைப் பெருக்குகிறது. போரேட் குருணை இட்ட வயல்களில் இலைச்சுருட்டுப் புழு மீண்டும் பெருகியதை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். பிற காரணங்களையும் கருதி அம்மருந்து இந்தியாவில் 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டது. புகையான் பெருக்கத்தால் இடர்ப்பட்ட இந்தோனேசியா 1986-இல் நெல்லுக்கு 57 மருந்துகளை விலக்கியது. ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மையை இந்தியா 1985-இலேயே கொள்கையாக ஏற்றது. கொள்கையை ஏற்பதினும் கைத்தெளிப்பானைக் கீழே வைக்கச் செய்வது கடினம்.

வரப்பின் பங்கு

முட்டை ஒட்டுண்ணியான டிரைக்கோகிராமாவை அட்டைகளில் வளர்த்து வழங்குவதுபோல் இவ்வண்டை வழங்க இயலாது. இருப்பதைப் பேணுவதே வழி. புன்செய் நெல்லில் வயல் மண்ணிலேயே கூட்டுப்புழுவாகும் இது, நீர் தேங்கிய வயலில் வரப்பைத் தேடிச் செல்கிறது. வரப்பை அடியோடு செதுக்குவதும் எரிப்பதும் அதன் உறைவிடத்தை அழிக்கும். இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. இலைச்சுருட்டுப் புழு வரப்புப் புற்களிலும் வாழ்வதால், புல்லை அகற்றுமாறு பரிந்துரைக்கப்படுகிறது. இரண்டும் நியாயமே. புல்லை நீக்கிய இடத்தை வெறுமையாக விடாமல் உளுந்தோ தட்டைப்பயறோ விதைத்தால், புழுவுக்கு உணவில்லை. வண்டுக்கு நிழல் உண்டு. உழவருக்குச் சிறு வருவாயும் உண்டு.

வளர்ச்சிப் பருவத்தில் 10 விழுக்காடும், பூக்கும் பருவத்தில் 5 விழுக்காடும் இலைச் சேதம் காணப்படுவதே பொருளாதாரச் சேத நிலை எனக் கொள்ளப்படுகிறது. புழு இறந்த பின்னும் இலையின் வெளுப்பு மாறுவதில்லை. வெண்ணிலைகளை மட்டும் எண்ணுவோர், வண்டு உண்டு முடித்த புழுவுக்கும் மருந்து தெளிக்க நேரும். எனவே வயல் ஆய்வுக்குச் செல்லும் விரிவாக்க அலுவலர், சுருண்ட இலைகளை விரலால் பிரித்து, உயிருள்ள புழு இருப்பவை, வண்டு இருப்பவை, வெற்றுக் குழல்கள் எனத் தனித்தனியே குறித்துக்கொள்ளல் வேண்டும்.