வடுவா, புற்றா? காந்தம் கூறும் விடை

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே உள்ள ஒரு சிறு சுரப்பி. சிறுநீர்ப்பைக்குச் சற்றுக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி மோதிரம் போல் இது அமைந்திருக்கிறது. வயது முதிர்ந்தோரில் சிலருக்கு இச்சுரப்பியில் புற்றுநோய் தோன்றுகிறது. நோய் சுரப்பிக்கு வெளியே பரவாத நிலையில், சுரப்பி முழுவதையும் அறுத்து நீக்கி, சிறுநீர்ப்பையின் வாயையும் குழாயின் முனையையும் சேர்த்துத் தைத்துவிடுவது ஒரு சிகிச்சை முறை. பலர் இத்துடன் நலம் பெறுகின்றனர். ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் தங்கிவிட்ட சில செல்கள் பெருகி, சிலருக்கு நோய் மீண்டும் தலைகாட்டுகிறது. பயறளவே உள்ள அக்கட்டியை எவ்வாறு கண்டுபிடிப்பது?

இரத்தம் தரும் எச்சரிக்கை

புராஸ்டேட் செல்கள் பி.எஸ்.ஏ. என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. அதில் சிறிதளவு இரத்தத்திலும் கலக்கிறது. சுரப்பியை நீக்கிய சில வாரங்களில் இப்புரதம் அளக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட வேண்டும். பின்னர் அது ஒரு மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராமை எட்டி, மறுசோதனையிலும் குறையாதிருந்தால், நோய் திரும்பியதாக மருத்துவர்கள் கொள்கின்றனர். நானோகிராம் என்பது ஒரு கிராமில் 100 கோடியில் ஒரு பங்கு!

ஆயினும் இச்சோதனை நோய் இருப்பதைக் கூறுமே தவிர, இருக்கும் இடத்தைக் கூறாது. சிகிச்சையோ இடத்தைப் பொறுத்தது. சுரப்பி இருந்த இடத்திலேயே கட்டி இருந்தால், அங்குக் கதிர்வீச்சைச் செலுத்தி நோயை அடியோடு அழிக்க இன்னொரு வாய்ப்பு உண்டு. பி.எஸ்.ஏ. குறைவாக உள்ளபோதே தொடங்கினால் பலன் மிகுதி. எலும்புகளுக்குப் பரவியிருந்தால் சிகிச்சை முறையே வேறு.

நீரின் அணுக்கருக்கள்

இங்குதான் எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படமுறை உதவுகிறது. நம் உடலில் பெரும்பகுதி நீர். நீரில் உள்ள ஒவ்வொரு ஹைடிரஜன் அணுக்கருவும் ஒரு நுண்ணிய காந்தம். 1.5 டெஸ்லா வலிமையுள்ள காந்தப் புலத்தில் (இது புவியின் புலத்தைப் போல் ஏறத்தாழ 30,000 மடங்கு) இவை பம்பரம் தலைசுற்றுவது போல வினாடிக்குச் சுமார் 6.4 கோடி முறை சுழல்கின்றன. ஊஞ்சலை அதன் ஆட்டத்திற்கேற்பத் தள்ளினால்தானே உயரும்? அதே அதிர்வெண் கொண்ட ரேடியோ அலையைச் செலுத்தினால் இவை ஆற்றலை ஏற்கின்றன. அலையை நிறுத்தியதும் தாமே மெல்லிய சைகைகளை வெளியிடுகின்றன.

சைகை எங்கிருந்து வருகிறது? காந்தப் புலத்தை இடத்திற்கு இடம் சிறிது மாற்றி வைத்தால் அதிர்வெண்ணும் மாறும். அதைக் கொண்டு இடத்தை அறியலாம் என்று 1973-ல் அமெரிக்க அறிஞர் பால் லாட்டர்பர் காட்டினார். கனநீரில் வைத்த இரு மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் இருந்த சாதாரண நீரே அவர் எடுத்த படம்! இவருக்கும் இங்கிலாந்தின் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

மூன்று கேள்விகள்

அறுத்துத் தைத்த இடத்தில் வடு உண்டாவது இயற்கை. நோய் பெரும்பாலும் திரும்புவதும் அத்தையலை ஒட்டியே. ஆகவே, படத்தில் தெரியும் தடிப்பு வடுவா, புற்றா? மருத்துவர் மூன்று கேள்விகள் கேட்கிறார்.

1. சைகை எவ்வளவு நேரம் நீடிக்கிறது? நார் செறிந்த வடுவில் விரைவில் மங்குகிறது. எனவே படத்தில் கருமை. புற்றுத் திசு சற்று வெளிர்ந்து காணும்.

2. நீர் மூலக்கூறுகள் தாராளமாக நகர முடிகிறதா? புற்றுச் செல்கள் நெருக்கியடித்து இருப்பதால், தேர்க்கூட்டத்தில் சிக்கியவரைப் போல் அவை நகர இயலாது தவிக்கின்றன.

3. இரத்தம் எவ்வளவு விரைவாக வந்து சேர்கிறது? காடோலினியம் சேர்ந்த மருந்தை ஊசி மூலம் செலுத்துகின்றனர். இது சென்றடையும் இடம் படத்தில் ஒளிர்கிறது. இரத்தக் குழாய்கள் மலிந்த புற்றில் உடனே ஒளிர்வு; வடுவில் மெதுவாக, அல்லது இல்லவே இல்லை.

இவ்விடைகளையும், முதலில் கட்டி இருந்த இடத்தையும் ஒப்பிட்டு, ஐயத்தின் அளவை 1 முதல் 5 வரை மதிப்பெண்ணாகத் தரும் முறையை நிபுணர் குழு ஒன்று 2021-ல் வெளியிட்டது.

எல்லைகளும் உண்டு

அறுவையின்போது வைத்த உலோகக் கவ்விகள் காந்தப் புலத்தைக் குலைப்பதால், இரண்டாம் கேள்விக்கான படம் சிதையலாம். மிகச் சிறிய கட்டி படத்தில் விழாமலும் போகலாம். ஆகவே படம் தெளிவாக இருப்பதாலேயே நோய் இல்லை என்று முடிவு செய்வதில்லை. நிணநீர்க் கணுக்களிலும் எலும்புகளிலும் தேட, புராஸ்டேட் செல்களில் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்கப் பொருளைச் செலுத்திப் பார்க்கும் பெட் படம் சிறந்தது. தையலை ஒட்டிய பகுதியை நுணுகிக் காண எம்.ஆர்.ஐ. ஏற்றது. ஒன்று விட்டதை மற்றொன்று காட்டுகிறது.

சிந்தியுங்கள்

1. 1 டெஸ்லா புலத்தில் ஹைடிரஜனின் அதிர்வெண் 42.58 மெகாஹெர்ட்ஸ். 3 டெஸ்லாவில் எவ்வளவு?

2. லாட்டர்பரின் படத்தில் சாதாரண நீர் தெரிந்தது, கனநீர் தெரியவில்லை. ஏன்?