சைக்கோசிஸும் பதின்வயது மூளையின் இணைப்புகளும்



மனச்சிதைவு போன்ற சைக்கோசிஸ் நோய்கள் பெரும்பாலும் பதின்வயதின் பிற்பகுதியிலோ இருபதுகளிலோ தலைகாட்டுகின்றன. 18 வயதுக்கு முன்பே தொடங்கினால் மருத்துவர்கள் அதை இளவயதுச் சைக்கோசிஸ் என்று தனியே வகைப்படுத்துகிறார்கள். 13 வயதுக்கு முன் வருவது மிக அரிது. யாரும் பேசாதபோது குரல் கேட்பது, அக்கம்பக்கத்தார் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று அசைக்க முடியாமல் நம்புவது, பேச்சு கோவையில்லாமல் போவது ஆகியவை வெளியே தெரியும் அறிகுறிகள். அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே படிப்பு சரிந்திருக்கும், நண்பர்கள் விலகியிருப்பார்கள், தூக்கம் கெட்டிருக்கும். வீட்டில் அதை ‘வயசுக் கோளாறு’ என்று விட்டுவிடுவதே வழக்கம்.

பக்கவாதம் வந்தவரின் மூளையில் பாதிக்கப்பட்ட இடத்தை ஸ்கேனில் சுட்டிக்காட்டலாம். சைக்கோசிஸில் அப்படி ஓர் இடம் கிடையாது, சாதாரண எம்.ஆர்.ஐ. அறிக்கை பெரும்பாலும் ‘இயல்பு’ என்றே வரும். அப்படியானால் கோளாறு எங்கே? மூளையின் பகுதிகளில் அல்ல, அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் இழைகளில்தான் என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே கருதினார். உயிரோடு இருப்பவரின் மூளையில் அதைப் பார்க்க அன்று கருவி இல்லை. ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து, 1995இல், லண்டனில் கார்ல் ஃபிரிஸ்டனும் கிறிஸ் ஃப்ரித்தும் மனச்சிதைவு ஓர் இணைப்புக் கோளாறா என்ற கேள்வியை மறுபடி எழுப்பினார்கள்.

இணைப்பை இரண்டு வகையாக அளக்கிறார்கள். முதலாவது, இழைகளின் அமைப்பு. நரம்பிழைக் கட்டுக்குள் நீர் மூலக்கூறுகள் இழையின் போக்கிலேயே எளிதாக நகரும். குறுக்கே நகரத் தடை இருக்கும். ஒரு தனிவகை எம்.ஆர்.ஐ. இந்த நகர்வை அளந்து, இழைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன, எவ்வளவு ஒழுங்காக ஓடுகின்றன என்று கணிக்கிறது. இரண்டாவது, செயல் இணைப்பு. இதற்குத் தொடக்கமிட்டவர் இந்திய வம்சாவளி அறிவியலாளர் பரத் பிஸ்வால். ஒருவர் எந்த வேலையும் செய்யாமல் ஸ்கேனருக்குள் படுத்திருக்கும்போதும், கையசைவுக்குப் பொறுப்பான இடது, வலது மூளைப்பகுதிகளின் ரத்த ஓட்டச் சமிக்ஞை சேர்ந்தே ஏறி இறங்குகிறது என்று அவர் காட்டியதும் அதே 1995இல்தான். அப்படிச் சேர்ந்து ஏறி இறங்கும் பகுதிகளே செயலால் இணைந்தவை.

இந்த நோய் பதின்வயதை ஏன் தேர்ந்தெடுக்கிறது? அந்த வயதில் மூளை இணைப்புகளைத் திருத்திக்கொண்டிருக்கிறது. மனித நெற்றிமடலில் நரம்பு செல்களுக்கிடையிலான இணைப்புகளான சினாப்ஸ்கள் சிறுவயதில் தேவைக்கு மேல் பெருகி, பதின்வயதுக்குள் கணிசமாகக் குறைகின்றன என்பதை 1979இல் பீட்டர் ஹட்டன்லோக்கர் எண்ணிக் காட்டினார். இன்னொரு பக்கம், மின்கம்பிக்கு மேலுறை போடுவதுபோல நரம்பிழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்புறை ஏறும் வேலை இருபதுகள் வரை நீள்கிறது. நெற்றிமடல்தான் கடைசியில் முதிர்கிறது. சினாப்ஸ்களைக் கழிக்கும் வேலை அளவு மீறுவதால் மனச்சிதைவு வரலாம் என்று 1980களின் தொடக்கத்தில் இர்வின் ஃபைன்பெர்க் ஊகித்தார். அந்த ஊகத்துக்கு வலுவான மரபணுச் சான்று கிடைத்தது 2016இல்: நோய் எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த சி4 என்ற மரபணுவின் சில வடிவங்கள் மனச்சிதைவு அபாயத்தைச் சற்றுக் கூட்டுகின்றன, அந்த மரபணுவுக்குச் சினாப்ஸ் கழிப்பிலும் பங்கு இருப்பது எலிகளில் தெரிந்தது. ஆனாலும் இந்த நோயோடு தொடர்புடைய பல மரபணு மாற்றங்களில் இது ஒன்று மட்டுமே.

2018இல் பல நாடுகளின் 29 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, மனச்சிதைவு உள்ள 1,963 பேரையும் நோயில்லாத 2,359 பேரையும் ஒப்பிட்டார்கள். ஏதோ ஓரிரு இழைக்கட்டுகளில் அல்ல, நரம்பிழைகள் நிறைந்த மூளையின் வெண்பொருள் நெடுகிலுமே இழையொழுங்கு சற்றுக் குறைந்திருந்தது. பதின்வயது நோயாளிகளிடமும் இதே போக்கு காணப்பட்டுள்ளது. நெற்றிமடலைப் பின்பகுதிகளோடு சேர்க்கும் நீண்ட மேல் இழைக்கட்டில் அது தெளிவாகத் தெரிகிறது. செயல் இணைப்பில் அடிக்கடி பேசப்படுவது மூளையின் நடுவே உள்ள தலாமஸ் என்ற பகுதி. நெற்றிமடலோடு அதன் தொடர்பு தளர்ந்தும், புலன், அசைவுப் பகுதிகளோடு தொடர்பு மிகுந்தும் இருக்கிறது. எனவே இணைப்பு ‘குறைந்துவிட்டது’ என்று மட்டும் சொல்வது பாதி உண்மைதான்.

குரல் கேட்கும் அறிகுறியில் இது நன்றாக விளங்கும். தன்னைத் தானே கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டால் யாருக்கும் சிரிப்பு வருவதில்லை. கையை அசைக்கும்போதே ‘இது என் வேலை’ என்ற முன்னறிவிப்பு உணர்வுப் பகுதிக்குப் போய்விடுகிறது. அந்தப் பகுதியும் அடங்கிவிடுகிறது. மாயக்குரல் கேட்கும் நோயாளிகள் சிலருக்கோ, தன் கை தொடுவதும் பிறர் கை தொடுவதும் ஒரே அளவில் உறைப்பதாகச் சோதனைகளில் தெரிந்தது. மனதுக்குள் பேசும் பேச்சுக்கும் இதே முன்னறிவிப்பு தேவை. பேச்சை உருவாக்கும் நெற்றிமடலிலிருந்து, காதுக்கு மேலே உள்ள, ஒலியை உணரும் பகுதிக்கு அது சரியாகப் போய்ச் சேராவிட்டால், சொந்த எண்ணமே வேற்றாள் குரலாகக் கேட்கும் என்பது ஃப்ரித்தின் விளக்கம். இவ்விரண்டு பகுதிகளையும் இணைக்கும் வில்வடிவ இழைக்கட்டை 2004இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, குரல் கேட்பவர்களிடம் அதன் ஒரு பகுதி ஒழுங்கு குறையாமல், கூடியே இருந்தது. ஒழுங்கு கூடுவதும் கோளாறாகலாம் என்பது பலர் எதிர்பார்க்காத முடிவு.

இந்த ஆய்வுகளைப் படிக்கும்போது கொஞ்சம் சந்தேகக் கண் நல்லது. ஸ்கேனருக்குள் தலை மிகச் சிறிதளவு அசைந்தாலும் நெடுந்தூர இணைப்பு குறைந்தது போலவும் அண்மை இணைப்பு கூடியது போலவும் போலியான முடிவு வரும் என்று 2012இல் நிறுவப்பட்டது. சிறுவர்கள் பெரியவர்களைவிட அதிகம் அசைவார்கள். ஆகவே அதற்கு முந்தைய பதின்வயது ஆய்வுகள் பலவற்றை அப்படியே நம்ப முடியாது. மருந்துகளும் மூளைப் படங்களை மாற்றக்கூடும். மேலும், இவையெல்லாம் குழுச் சராசரிகள். நோயுள்ளவர், இல்லாதவர் அளவுகள் பெரிதும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், ஒருவரின் படத்தை வைத்து அவருக்குச் சைக்கோசிஸ் இருக்கிறதா என்று இன்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. ‘இணைப்பு ஸ்கேன்’ எடுத்து நோயைக் கண்டுபிடித்துத் தருவதாக யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

நோயைக் கண்டறிவது இன்றும் மனநல மருத்துவர் பேசிப் பார்த்து, குடும்பத்தாரிடம் விசாரித்துத்தான். முதல் அறிகுறிக்கும் சிகிச்சைக்கும் இடையே நாள் கூடக் கூடக் குணமாவது கடினமாகிறது. உனக்கோ வகுப்பில் பக்கத்தில் இருப்பவருக்கோ குரல் கேட்கத் தொடங்கினால், பெரியவர் ஒருவரிடம் சொல்; அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, கட்டணமின்றி, எந்த நேரமும் அழைக்கலாம்.