மனத்துக்கும் வேண்டும் மைதானப் பயிற்சி

திண்டுக்கல்லுக்கும் கரூருக்கும் இடையே மானாவாரி நிலங்கள் விரிந்து கிடக்கும் எங்கள் குஜிலியம்பாறை வட்டாரத்தில் பிள்ளைகளுக்கு ஹாக்கி பயிற்றுவித்து வருகிறவன் என்ற முறையில், ஓர் அபிப்பிராயத்தைத் தயக்கமின்றிச் சொல்வேன். காலுக்கும் கைக்கும் நாள்தோறும் அப்யாசம் கொடுத்துவிட்டு, மனத்துக்கு மட்டும் போட்டியன்று காலையில் ஒரு பிரசங்கம் போதும் என்று இருப்பது வீண் காரியம். கோடையில் உழுது மண்ணைப் பக்குவப்படுத்தி வைத்தவன் நிலத்தில்தான் பெய்யும் மழை இறங்கும் என்பது எங்கள் ஊர்க் குடியானவர் அனைவரும் அறிந்த உண்மை. ஆட்டக்காரனின் தைரியமும் அப்படி முன்கூட்டியே உழுது வைக்க வேண்டிய ஒன்று.

மனப் பயிற்சி பணக்கார தேசங்களின் ஆடம்பரம் என்று எண்ணுவோர்க்கு ஒரு செய்தி. 2011-இல் உலகக் கோப்பை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியுடன் பணியாற்றிய தென்னாப்பிரிக்கரான பேடி அப்டன், 2023-இல் நம் ஆடவர் ஹாக்கி அணிக்கு மனப் பயிற்சியாளராக அமர்ந்தார். 2024-இல் உலகச் சதுரங்கப் பட்டத்துக்கு ஆடிய நம் சென்னைப் பிள்ளை குகேஷுக்கும் அவரே துணை நின்றார். அப்டனை அமர்த்தும் வசதி நமக்கில்லை. ஆயினும் அந்த வித்தையின் அடிப்படைகளைச் செம்மண் மைதானத்தில் காசு செலவின்றிப் பழக்கலாம் என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

முதற் பாடம், தவறிய பந்தை மறப்பது. ஹாக்கியில் பந்தைப் பறிகொடுத்தவன் தலையில் கைவைத்து நிற்கும் அந்தச் சில விநாடிகளுக்குள் எதிரணி நம் கோலுக்கு முன்னுள்ள ‘டி’க்குள் நுழைந்துவிடும், ஆகவே வருத்தப்படுவதற்கு ஆட்டத்துக்குப் பிறகுதான் அவகாசம். என் பிள்ளைகளுக்கு ஒரு நியமம் வைத்திருக்கிறேன்: பந்து போன க்ஷணமே மட்டையால் தரையை ஒரு தட்டு, உள்ளிழுத்ததைவிட நீளமாக ஒரு மூச்சை வெளியே விடுதல், பிறகு ‘ஆளைப் பிடி’ என்று தனக்குத்தானே ஒரு சொல், உடனே ஓட்டம். பயிற்சியில் ஒவ்வொரு தவறுக்கும் இதைச் செய்து பழகியவனுக்குப் போட்டியில் எவரும் ஞாபகமூட்ட வேண்டியதில்லை. 2023 ஆகஸ்ட் 12 அன்று சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் நடந்த ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பை இறுதியாட்டத்தில், மலேசியாவிடம் பாதி ஆட்டத்தில் 1-3 எனப் பின்தங்கியிருந்த இந்தியா, 45-ஆம் நிமிஷத்தில் அடுத்தடுத்து இரு கோல்களும் 56-ஆம் நிமிஷத்தில் ஒரு கோலும் போட்டு 4-3 என வென்றது. அரியலூர்ப் பிள்ளை கார்த்தி செல்வமும் இடம்பெற்றிருந்த அந்த அணி, முன்னே விழுந்த மூன்று கோல்களைச் சுமந்துகொண்டே ஓடியிருந்தால் அந்த 45-ஆம் நிமிஷம் வாய்த்திராது.

இரண்டாவது, ஆவேசத்துக்கும் ஓர் அளவு உண்டு என்பது. யெர்க்ஸ், டாட்ஸன் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் எலிகளைக் கொண்டு 1908-இல் காட்டியதன் சாரம், தூண்டுதல் ஓர் எல்லை வரையில் காரியத்துக்கு உதவும், அதைக் கடந்தால் கெடுக்கும், காரியம் நுட்பமாக ஆக ஆக அந்த எல்லையும் தாழ்ந்துவிடும் என்பதே. எதிரியைத் துரத்திச் சென்று பந்தைப் பறிக்கிறவனுக்குச் சிறிது உக்கிரம் நல்லது. பெனால்டி கார்னரில் பந்தைத் தடுத்து நிறுத்துகிறவனுக்கோ சாந்தமே பலம். ஆகையால், எல்லாரையும் ஒரே கூச்சலால் உசுப்பிவிடாமல், சோம்பி நிற்பவனை இரண்டு ஓட்டம் ஓடவிட்டும், நடுங்குகிறவனைத் தனியே அழைத்துச் சிறு பாஸ்கள் பழகவிட்டும் ஒவ்வொருவனையும் அவனவன் சுபாவத்துக்கேற்ப ஆயத்தம் செய்வது பயிற்சியாளரின் விவேகம்.

மூன்றாவது, விபரீதத்தை ஒத்திகை பார்ப்பது. பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024 ஆகஸ்ட் 4 அன்று, பிரிட்டனுக்கு எதிரான காலிறுதியில் நம் அணியின் அமித் ரோஹிதாஸ் 17-ஆம் நிமிஷத்திலேயே சிவப்பு அட்டை பெற்று வெளியேற, எஞ்சிய ஆட்டம் முழுவதையும் பத்துப் பேரோடு ஆடிய இந்தியா 1-1 எனச் சமநிலையில் முடித்து, ஷூட் அவுட்டில் 4-2 என வென்றதை நாடே கண்டது. ஆள் குறைந்த கணத்தில் யார் எங்கே நகர்வது என்பது அப்போது யோசித்து முடிவாவதன்று. நாங்கள் பயிற்சி ஆட்டத்தின் நடுவே, முன்னறிவிப்பின்றி ஒருவனை வெளியே அழைத்துவிடுவோம். முதல் வாரத்தில் எழும் குழப்பமும் பரிகாசமும் போகப்போக அடங்கி, மிச்சமிருப்போர் தாமே இடம் மாறிக்கொள்ளப் பழகிவிடுவார்கள்.

ஷூட் அவுட்டுக்கும் அவ்வாறே. 23 மீட்டர் கோட்டிலிருந்து புறப்பட்டு எட்டு விநாடிக்குள் கோல் போட வேண்டிய அந்தச் சோதனையை, உடல் களைத்துக் கால் தளர்ந்த பயிற்சியின் கடைசியில், சகபாடிகள் சுற்றி நின்று கத்தும்போது, ஆளுக்கு ஒரே ஒரு வாய்ப்பாகக் கொடுங்கள். தவறினால் மறுவாய்ப்பு மறுநாள்தான். இந்தக் கண்டிப்பில் சிறிது கொடுமை இருப்பது போலத் தோன்றும். ஆனால் போட்டியில் காத்திருக்கும் தனிமையை முன்பே ருசி பார்க்க இதைவிட நல்ல மார்க்கம் எனக்குத் தெரியவில்லை.

நான்காவது, அந்நிய மைதானத்தின் பயம். மேடுபள்ளமான மண்ணில் பந்து துள்ளித் திரும்புவதையே பார்த்து வளர்ந்த பிள்ளைகள், கோவில்பட்டியிலோ மதுரையிலோ செயற்கைப் புல்தரையான டர்ஃபில் கால் வைக்கும்போது, பந்தின் வேகத்தைக் கண்டு பாதி தோற்றுவிடுகிறார்கள். இயன்றால் முந்தின நாளே அழைத்துச் சென்று, தரையைக் கையால் தொட்டுப் பார்க்கவும், மெல்லப் பந்து தள்ளிப் பார்க்கவும் விடுங்கள். கரட்டு மண்ணில் பழகியவனுக்குப் பந்து மட்டையைத் தொடும் கடைசிக் கணம் வரை கண்ணை எடுக்காத ஏகாக்கிரம் வாய்த்திருக்கிறது. டர்ஃபிலும் அது உதவும் என்று அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

பயிற்சியாளருக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். கால்பகுதி இடைவேளை இரண்டே நிமிஷம். அதில் முதல் அரை நிமிஷம் எவரும் பேசாமல் தண்ணீர் குடிக்கட்டும், பிறகு ஒரே ஒரு உத்தரவு. நான்கு குறைகளை அடுக்கினால் நான்கும் காற்றோடு போகும்.

இவையெல்லாம் ஆட்டத்தின் சஞ்சலத்துக்கு மருந்தே தவிர, நோய்க்கு மருந்தல்ல. ஒரு பிள்ளை வாரக்கணக்கில் தூக்கமின்றி, உணவின்றி, ஒதுங்கி வாடுவானாயின், ‘மனசைத் தைரியமாக வைத்துக்கொள்’ என்ற உபதேசத்தோடு நிறுத்தாமல் பெற்றோரிடம் சொல்லி வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். 14416 என்ற அரசின் இலவச மனநல ஆலோசனை எண்ணையும் கொடுக்க வேண்டும்.

சக உடற்கல்வி ஆசிரியர்களிடம் என் விண்ணப்பம் ஒன்றுதான்: நாளைய பயிற்சியில் பத்து நிமிஷத்தை இதற்கென ஒதுக்குங்கள், அந்தப் பத்து நிமிஷத்தைப் போட்டி நெருங்கும்போது ரத்து செய்துவிடாதீர்கள்.