மொழியும் இடமும்

செய்தி சொல்லுவோர் தம் வழக்கை மட்டும் கருதினால் போதாது. கேட்போரின் வழக்கையும் அறிந்து சொல்லுதல் வேண்டும். மக்களுக்குரிய இவ்விதி, வலைப்பக்கங்களை இயக்கும் நிரல்களுக்கும் பொருந்தும்.

1.500 என்னும் எண்ணை நோக்குங்கள். நாம் இதனை ஒன்றரை என்று படிப்போம். ஜெர்மானியரோ ஆயிரத்து ஐந்நூறு என்று படிப்பர். அவர்கள் நாட்டில் ஆயிரங்களைப் பிரிக்கப் புள்ளியும், பின்னத்தைக் காட்டக் காற்புள்ளியும் இடுவர். 3/4/2024 என்பது நமக்கு ஏப்ரல் மூன்றாம் நாள். அமெரிக்கருக்கு மார்ச்சு நான்காம் நாள். மருந்தின் அளவையோ பயண நாளையோ இவ்வாறு மாறிப் படித்தால் விளையும் தீங்கு சிறிதன்று.

மொழியை அறிந்தால் இக்குழப்பம் தீருமோ? தீராது; இடத்தையும் அறிதல் வேண்டும். பன்னிரண்டு இலட்சத்தைத் தமிழ்நாட்டில் 12,00,000 என எழுதுவர். சிங்கப்பூரில் 1,200,000 என எழுதுவர். இரண்டு இடத்தும் தமிழ் வழங்குகின்றது. எண்ணெழுதும் முறையோ வேறு. ஆதலின், மொழியையும் நாட்டையும் இணைத்துச் சுட்டும் குறிகளை நிரலாளர் கையாளுகின்றனர். ஒரு குறி சுட்டும் வழக்குகளின் தொகுதியை இட அமைவு எனலாம்.

நாம் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது, நம் உலாவி நாம் விரும்பும் மொழிகளை வரிசைப்படுத்தி வழங்கிக்கு அறிவிக்கின்றது. வழங்கி அதற்கேற்ற பக்கத்தைத் தேர்ந்து அனுப்பலாம். ஒருவர் இருக்கும் இடத்தை மட்டும் கொண்டு அவர் மொழியைத் துணிதல் தகாது; பாரிசுக்குச் சென்றதனாலேயே தமிழர் ஒருவர் பிரெஞ்சு அறிந்தவராகிவிடுவதில்லை.

எனினும், எல்லாவற்றையும் இடத்திற்கேற்ப மாற்றுவதும் பிழையே. துருக்கியர் 1928-ஆம் ஆண்டில் இலத்தீன் எழுத்துமுறையை மேற்கொண்டபோது, ஆங்கிலத்தில் ‘ஐ’ எனப்படும் எழுத்தைப் புள்ளியுள்ளது, புள்ளியற்றது என இரண்டாக வகுத்துக்கொண்டனர். புள்ளியற்ற பெரிய எழுத்தைச் சிறிதாக்கினால் ஆங்கிலத்தில் புள்ளி தோன்றும், துருக்கியில் தோன்றாது. நிரல் தனக்குள் வழங்கும் ‘டைட்டில்’ என்னும் சொல்லைத் துருக்கி முறையில் சிறிய எழுத்தாக்கினால், அச்சொல் புள்ளியை இழக்கும். பின்னர் நிரல் அச்சொல்லைத் தேடினாலும் அடையாளம் காணாது. ஒரு புள்ளி குறைந்ததனால் வேலை முழுதும் தடைப்படுதல் உண்டு.

ஆகவே, தேர்ந்த நிரலாளர் உள்ளதையும் காட்டுவதையும் வேறு வேறாக வைப்பர். உள்ளே நாளை 2024-04-03 என ஆண்டு, திங்கள், நாள் என்னும் வரிசையிலும், எண்ணைப் பிரிப்புக் குறியின்றியும் சேமிப்பர். நிரலுக்குரிய சொற்களை எந்நாட்டு வழக்கிற்கும் உட்படுத்தார். படிப்போர் கண்முன் காட்டும்போது மட்டும் அவரவர் வழக்கிற்கேற்ப உருமாற்றுவர். உள்ளே மாறாத ஒழுங்கும், வெளியே படிப்போர்க்கு இணங்கும் இயல்பும் அமைந்த நிரலே பல நாட்டார்க்கும் ஐயமின்றிப் பயன்படும்.