பேஜ் பில்டரிலிருந்து பிளாக் எடிட்டருக்கு: பனியன் கம்பெனி வெப்சைட்டை மாற்றும் முறை

வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி நடத்துகிறீர்கள். வெப்சைட்டை யாரோ எலிமென்டர் அல்லது டபிள்யூபி பேக்கரி என்ற பேஜ் பில்டரில் கட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஜிஎஸ்எம் எண் ஒன்றைத் திருத்தக்கூட அவரைத்தான் கூப்பிட வேண்டும். எலிமென்டர் புரோ என்றால் வருஷா வருஷம் லைசென்ஸ் பணம் வேறு. 2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பிலிருந்தே வேர்டுபிரஸ்ஸோடு பிளாக் எடிட்டர் இலவசமாகச் சேர்ந்து வருகிறது. வெறும் கேட்டலாக் சைட்டுக்கு அதுவே தாராளம். ஆன்லைனில் ஆர்டர் எடுத்துப் பணம் வாங்குகிறவர்கள் மட்டும் அவசரப்பட வேண்டாம்.

முதலில் ஃபைல்கள், டேட்டாபேஸ் இரண்டுக்கும் பேக்கப். பிறகு ஹோஸ்டிங் பேனலில் சைட்டுக்கு ஒரு நகல் எடுத்து (ஸ்டேஜிங் என்பார்கள்), அதில் பில்டர் பிளகினை டீஆக்டிவேட் செய்து பாருங்கள். எலிமென்டர் என்றால் எழுத்தும் படமும் தங்கும், அமைப்பு கலைந்துவிடும். டபிள்யூபி பேக்கரி என்றால் பக்கம் முழுக்கச் சதுர அடைப்புக்குறிகள் சிதறிக் கிடக்கும். வேலை எவ்வளவு என்று கணக்குப் போடத்தான் இந்தச் சோதனை. பார்த்ததும் மறுபடி ஆக்டிவேட் செய்துவிடுங்கள்.

அடுத்து எல்லாப் பக்கங்களையும் முகவரியோடு எக்ஸெலில் எழுதுங்கள். நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் இதுதான். என்றோ முடிந்த கண்காட்சி அறிவிப்பு, இப்போது ஓட்டாத ஸ்டைல்கள் எல்லாவற்றையும் தயங்காமல் கழியுங்கள். கழித்த பக்கத்தின் முகவரியை நெருங்கிய வேறொரு பக்கத்துக்கு ரீடைரக்ட் செய்துவிடுங்கள். காட்ஸ், ஓகோ-டெக்ஸ் சான்றிதழ்களுக்கு ஓராண்டுதான் ஆயுள். பையர் முதலில் தேடுவதே அந்தத் தேதியைத்தான். பழைய சான்றிதழ் படத்தை அப்படியே புது சைட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

தானாக மாற்றித் தரும் பிளகின்கள் இருக்கின்றன. பழைய கோடின் குப்பையும் கூடவே வரும் என்பதால் எனக்கு அவற்றில் நம்பிக்கையில்லை. தைத்த பனியனைப் பிரித்துத் தைப்பதைவிட, அதே அளவில் புதுத்துணி வெட்டுவது லேசு.

நகலில் ட்வென்டி ட்வென்டி-ஃபைவ் போன்ற பிளாக் தீம் ஒன்றைப் போடுங்கள். நிறம், எழுத்துரு, ஹெடர், ஃபுட்டர் எல்லாவற்றையும் சைட் எடிட்டரில் ஒரே தடவை முடிவுசெய்துவிடலாம். பிறகு படம், துணிக் கலவை, ஜிஎஸ்எம், சைஸ், குறைந்தபட்ச ஆர்டர் அளவு ஆகியவற்றை வைத்து ஸ்டைல் பக்கத்துக்கான பேட்டர்ன் ஒன்றைச் செய்யுங்கள். இதை 'சிங்க்டு' ஆக்கக் கூடாது. ஆக்கினால் ஒரு டிசர்ட்டின் ஜிஎஸ்எம்மை மாற்றும்போது எல்லா டிசர்ட்டுக்கும் மாறிவிடும். முகவரி, ஜிஎஸ்டி எண், சான்றிதழ் வரிசை ஆகியவற்றுக்கு சிங்க்டு பேட்டர்ன்தான் சரி.

ஒவ்வொரு பக்கத்தையும் தனி டிராஃப்டில் கட்டி முடியுங்கள். பழைய பக்கத்தை வேர்டுபிரஸ் எடிட்டருக்குத் திருப்பி, உள்ளிருப்பதை அழித்துவிட்டு, டிராஃப்டின் எல்லா பிளாக்குகளையும் காப்பி செய்து அங்கே ஒட்டுங்கள். இந்தச் சுற்றுவழி எதற்கென்றால், புதிதாகத் திறக்கும் பக்கத்துக்கு அதே முகவரி கிடைக்காது, பின்னால் ஒரு '2' ஒட்டிக்கொள்ளும். ஜெர்மனியில் ஒரு பையர் சேமித்து வைத்த லிங்க் அப்புறம் செத்துப்போகும்.

என்கொயரி ஃபார்ம் எலிமென்டர் புரோவுடையது என்றால் அதோடு போய்விடும். வேறு ஃபார்ம் பிளகின் போட்டு, வெளி மெயில் முகவரி ஒன்றைக் கொடுத்து அனுப்பிச் சோதியுங்கள். சைஸ் சார்ட் டேபிள்களை மட்டும் கட்டாயம் மொபைலில் பாருங்கள், பக்கவாட்டில் பிதுங்கும்.

நகலை லைவ் ஆக்க ஞாயிற்றுக்கிழமை நல்லது. ஐரோப்பிய பையருக்கும் லீவு. நகல் எடுத்த பிறகு லைவ் சைட்டில் பதிவான என்கொயரிகள் மேலெழுதப்பட்டுவிடும் என்பதால், முதலில் அவற்றை சிஎஸ்வியாக இறக்கிக்கொள்ளுங்கள். லைவ் ஆனதும் பில்டரை டீஆக்டிவேட் செய்து, கேஷைக் காலி செய்யுங்கள். கூகுள் சர்ச் கன்சோலில் 404 பிழைகள் வருகின்றனவா என்று சில வாரம் கவனியுங்கள். அதுவரை பில்டர் டீஆக்டிவேட் ஆன நிலையிலேயே இருக்கட்டும். பிறகு அழித்துவிட்டு, கார்டில் லைசென்ஸ் ஆட்டோ ரினியூவல் ஓடினால் அதையும் நிறுத்துங்கள்.