சின்ன வெங்காயம் வாங்கும்போது

பூச்சோங் சந்தையில் சின்ன வெங்காயக் கூடையின் முன் நிற்கும் அம்மாக்களைக் கவனித்திருக்கிறீர்களா? இரண்டொன்றை எடுத்து, கழுத்துப் பகுதியை விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். அது வெறும் பழக்கமன்று.

தமிழ்நாட்டின் பெரம்பலூர் மாவட்டத்திலுள்ள செட்டிக்குளம், சின்ன வெங்காயத்திற்குப் பெயர்பெற்ற ஊர். ஒரு குமிழை நட்டால் அதைச் சுற்றிப் பல குமிழ்கள் கொத்தாக விளையும். ஒன்றோடொன்று நெருங்கி வளர்வதால்தான் பல வெங்காயங்களுக்கு ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறது. பெரிய வெங்காயத்தைவிட இதில் நீர் குறைவு, இனிப்போ செறிவு. ஆனால், பச்சையாகக் கடித்தால் காரமே முந்திக்கொள்ளும். நறுக்கும்போது உருவாகும் கந்தகச் சேர்மங்களே அதற்குக் காரணம். நம் கண்ணைக் கரிக்க வைப்பவையும் அவையே. எண்ணெயில் நிதானமாக வதக்கினால் காரம் அடங்கி, மறைந்திருந்த இனிப்பு வெளிப்படும். சாம்பாருக்குச் சின்ன வெங்காயமே வேண்டுமெனப் பாட்டி பிடிவாதம் பிடிப்பதில் நியாயம் உண்டு!

நல்ல வெங்காயத்தின் கழுத்து நன்றாகக் காய்ந்து இறுகியிருக்கும். அது மெத்தென்று அமுங்கினால் உள்ளே அழுகல் தொடங்கியிருக்கலாம். தோலுக்கடியில் கரும்பொடி தெரிந்தால் அது பூஞ்சணம். முளைவிட்ட குமிழ், சேமித்த சர்க்கரையை முளைக்கே செலவிட்டுவிடும், சுவை குன்றும். விலை மலிவென்று ஈரமான வெங்காயத்தை வாங்கினால், தோலும் அழுகலும் போக மிஞ்சுவது கொஞ்சமே. நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் அதிகம். ஆகவே, வாங்கியதும் நெகிழிப் பையிலிருந்து கொட்டி, காற்றோட்டமான கூடையில் பரப்பி வையுங்கள். அழுகியதை அன்றே பொறுக்கி எடுத்துவிடுங்கள்.