முதியோர் கொடுப்பனவைக் காக்க எந்தக் கதவைத் தட்டுவது?

முதியோருக்கான பணத்தை நிறுத்தப்போகிறோம் என்று எந்த அரசும் மேடையேறிச் சொல்வதில்லை. திருகோணமலை மாவட்டத்து முதியோர் சங்கங்களோடு கச்சேரிக்கும் பிரதேச செயலகங்களுக்கும் அலைந்த இக்கட்டுரையாளருக்கு முதலில் பிடிபட்டது இதுதான். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. எழுபது வயதைக் கடந்த, வருமானம் குறைந்த முதியவருக்கு அன்று மாதம் 2,000 ரூபாய். அதில் ஒரு சதமும் குறைக்கப்படவில்லை. ஆனால் அந்தக் காசுக்குக் கிடைத்த மாவும் மருந்தும் வெகுவாகச் சுருங்கிப்போயின.

அடுத்த மாதம் இன்னொன்றும் போனது. 60 வயதைக் கடந்தவர்களின் நிலையான வைப்புக்கு 2015 முதல் கிடைத்துவந்த 15 சதவீத விசேட வட்டி நிறுத்தப்பட்டது. அரச உத்தியோகம் பார்த்திராத கடைக்காரருக்கும் மீன் வியாபாரிக்கும் அந்த வட்டிதான் பென்சன். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது திரும்பி வந்தது. ஆனால் 10 லட்சம் ரூபாய் வரையான வைப்புக்கு மேலதிகமாக 3 சதவீதம் என்ற அளவில் மட்டும். கையைவிட்டுப் போனதை மீட்க ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். எழுபதைக் கடந்தவருக்கு மூன்று ஆண்டு என்பது சிறிய காலமல்ல.

2023 ஜூலையில் அஸ்வெசும என்ற புதிய நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டம் வந்தது. சர்வதேச நாணய நிதியத்தின் கடனுதவி அனுமதிக்கப்பட்ட அதே ஆண்டு. பயனாளிகள் பட்டியல் வெளியானதும் நாடெங்கும் ஏறத்தாழ 10 லட்சம் மேன்முறையீடுகள் குவிந்தன. "மகன், போன மாசம் வரைக்கும் வந்த காசுதானே இது?" என்று கிண்ணியாவைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் ஓர் அலுவலக மேசையின் முன் கேட்டுக்கொண்டே நின்றார். பதில் சொல்ல அங்கிருந்த இளைஞருக்கும் தெரியவில்லை. பல ஊர்களில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர் ஆகியோருக்கான கொடுப்பனவுகள் முன்போலவே தொடரும் என்று அரசு பின்னர் அறிவித்தது. கோஷம் அதற்கு உதவியது. ஆயினும் தனிப்பட்ட பெயர் பட்டியலில் ஏறியது, திகதியும் முத்திரையும் உள்ள மேன்முறையீட்டுத் துண்டைப் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்குத்தான்.

பெட்டிசம் எழுதுவதிலும் ஒரு முறை இருக்கிறது. "ஏழைகள்மீது இரங்குங்கள்" என்ற கடிதம் கோப்பில் தூங்கும். இந்தக் கிராம உத்தியோகத்தர் பிரிவில் எழுபதைக் கடந்தவர்கள் எத்தனை பேர், பெறுகிறவர்கள் எத்தனை பேர், காத்திருப்போர் எத்தனை பேர் என்று எண்ணிக்கையோடு போகும் கடிதத்துக்கு யாராவது பதில் எழுதியே ஆகவேண்டும். எண்ணிக்கை தெரியாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். தகவல் தரப்படுமா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் சொல்லவேண்டும்.

கதவு மாறிப் போவதால் வீணாகும் நாட்கள்தான் அதிகம். முதியோர் கொடுப்பனவு மத்திய அரசினது. ஊரில் பிச்சைச் சம்பளம் என்று சொல்லும் பொதுசன உதவிப்பணம் மாகாண சமூக சேவைத் திணைக்களத்தினது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்தபின் தேர்தல் நடக்கவில்லை. கேள்வி கேட்க மாகாண சபை உறுப்பினர் இல்லை. ஆளுநரும் பிரதம செயலாளரும்தான். அவர்களின் அலுவலகங்கள் திருகோணமலையிலேயே இருப்பது இம்மாவட்ட முதியோருக்கு உள்ள வசதி. வெருகலிலிருந்து வருகிறவருக்கு அதுவும் தூரம்தான், ஆனால் கொழும்பைவிடக் கிட்ட.

நேரமும் முக்கியம். வரவு செலவுத் திட்டம் நவம்பரில் வாசிக்கப்படும்போது தொகைகள் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டன. 2026க்கானது 2025 நவம்பர் 7ஆம் திகதி சமர்ப்பிக்கப்பட்டது. அமைச்சுகள் மதிப்பீடு தயாரிக்கும் ஆண்டின் நடுப்பகுதியில் மாவட்டத்தின் நான்கு பாராளுமன்ற உறுப்பினர்களின் கையிலும் கடிதம் இருக்கவேண்டும். வெவ்வேறு சமூகத்தவர் வாழும் கிண்ணியா, சேருவில, வெருகல் ஆகிய இடங்களின் முதியோர் சங்கங்கள் ஒரே கடிதத்தில், தமிழிலும் சிங்களத்திலும் ஒப்பமிட்டால் அதை ஒரு சமூகத்தின் குறை என்று எவரும் ஒதுக்கிவைக்க முடியாது.

கேட்பதும் தெளிவாக இருக்கட்டும். கொடுப்பனவு 2024இல் 3,000 ரூபாயாகவும் 2025இல் 5,000 ரூபாயாகவும் உயர்ந்தது நல்ல செய்தி. அடுத்த விலையேற்றத்தில் அது கரையாதிருக்க, ஆண்டுதோறும் விலைச் சுட்டெண்ணோடு சேர்ந்து உயரும் ஏற்பாட்டைக் கோரவேண்டும். கடிதத்தின் ஒரு பிரதி தேசிய முதியோர் செயலகத்துக்கும் போகட்டும்: 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த, அச்செயலகம் துணைநிற்கும் தேசிய முதியோர் சபையின் கடமைகளில் அரசுக்கு ஆலோசனை சொல்வதும் ஒன்று.